மூசைக்குள் மறையும் வெள்ளியும் வானத்தின் 2.7 கெல்வினும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமாவுக்கு ஒரு வெள்ளிப் பட்டறை உண்டு. கொலுசு செய்யும் பட்டறை. பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். கரி உலைக்கு நடுவே மூசை, அதாவது உலோகம் உருக்கும் கிண்ணம், இருக்கும். பழைய கொலுசு, வெட்டுத்துண்டு, ஒரு சிட்டிகை வெங்காரம் எல்லாவற்றையும் அதில் போட்டு, மேலே ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்து மூடிவிட்டு மாமா புளோயரைப் போடுவார். சில்லின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. உள்ளே நடப்பதை அந்தச் சந்து வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். மூசையின் கறுத்த சுவர் மெல்லச் சிவக்கும். வெள்ளித் துண்டுகள் அதற்குள் மங்கலாகக் கிடக்கும். கொலுசின் கொக்கிகூடத் தெரியும். சூடு ஏற ஏறத் துண்டுகள் சரிந்து, உருகி, அடியில் குளமாகும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்தக் குளமே காணாமல் போய்விடும். சுவர் எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. சந்துக்குள் ஒரே சீரான ஆரஞ்சு வெளிச்சம் மட்டும் இருக்கும். விளிம்பு இல்லை, நிழல் இல்லை.

“வெள்ளி எங்க, மூசை எங்கன்னு சொல்லு கண்ணு பாக்கலாம்,” என்பார் மாமா. என்னால் சொல்ல முடியாது. “ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா உள்ள சூடு ஒண்ணாயிருச்சுன்னு அர்த்தம். இனி ஊத்தலாம்.” இடுக்கியால் சில்லை எடுத்த மறுநொடி வெள்ளி திரும்ப வந்துவிடும், மேலே எரியும் டியூப்லைட்டைத் தன் முகத்தில் காட்டிக்கொண்டு.

பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்துதான் நினைவுக்கு வரும். வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கும் மங்கிய நுண்ணலை ஒளி அது. பிரபஞ்சம் சூடாக, அடர்த்தியாக இருந்து விரிந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கைக்கு அதுவே பெரிய சான்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதை பெரும்பாலும் ஓர் ஆன்டெனாவில் கேட்ட இரைச்சலில் தொடங்கி, அதற்குக் காரணமோ என்று புறா எச்சத்தைத் துடைத்ததில் வளர்ந்து, நோபல் பரிசில் முடிந்துவிடுகிறது. இரைச்சல் கேட்டது மட்டும் எதற்கும் சான்றாகாது. வானத்திலிருந்து வரும் அந்த ஒளி, மூடிய மூசையின் ஒளியைப் போலவே இருந்தது. சான்று அதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வெள்ளி ஏன் மறைந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பளபளக்கும் வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். சூடானாலும் தானாக விடும் ஒளி குறைவு. மூசையின் கறுத்த சுவர் நேர்மாறு: விழுவதையெல்லாம் விழுங்கும், சூடானால் நிறைய விடும். ஒரே சூட்டில் இரண்டையும் திறந்த இடத்தில் வைத்தால் சுவர் பிரகாசமாகவும் வெள்ளி மங்கலாகவும் தெரிய வேண்டும். மூடிய மூசைக்குள் கணக்கு மாறுகிறது. வெள்ளி தான் விடும் கொஞ்சத்தோடு, சுற்றுச்சுவர் அதன்மேல் கொட்டும் வெளிச்சத்தையும் திருப்பி அனுப்புகிறது. நூற்றில் ஐந்து பங்கு சொந்தம், தொண்ணூற்றைந்து பங்கு இரவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலோ தொண்ணூறு சொந்தம், பத்து இரவல். எப்படிக் கூட்டினாலும் நூறு.

இது ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது? பொருந்தாவிட்டால் ஒரே சூட்டில் இருக்கும் இரண்டு பொருள்களில் ஒன்று மற்றொன்றுக்குக் கூடுதலாக ஒளி அனுப்பி, தான் குளிர்ந்து அதைச் சூடாக்கும். யாரும் ஊதாமலே உலையின் ஒரு பக்கம் கொதிக்கும், இன்னொரு பக்கம் ஆறும். அப்படி எங்கும் நடப்பதில்லை. 1859-ல் குஸ்தாவ் கிர்ஹாஃப் இந்த வாதத்தைத்தான் முன்வைத்தார். ஒரே வெப்பநிலையில் இருக்கும் மூடிய கூட்டுக்குள் நிறையும் ஒளிக்குச் சுவர் எதனால் ஆனது என்பது தெரியாது. வெள்ளியா, மண்ணா, இரும்பா என்பதெல்லாம் அதில் அழிந்துவிடும். எஞ்சுவது ஒரே ஒரு எண், வெப்பநிலை.

இதற்குக் கரும்பொருள் கதிர்வீச்சு என்று பெயர். ஆரஞ்சாக ஒளிரும் ஒன்றைக் கருமை என்று ஏன் சொல்ல வேண்டும்? உச்சிவெயிலில் தெருவில் நின்று எதிர்வீட்டு ஜன்னலைப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரே இருந்தாலும் ஜன்னல் கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே போன வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதித் தேய்ந்து, வெளியே வருவது சொற்பம். ஓட்டையுள்ள கூடு எல்லாவற்றையும் விழுங்குகிறது; அதனால் அது கருமை. எல்லாவற்றையும் விழுங்கக்கூடியது சூடானால் அந்தச் சூட்டில் விடக்கூடிய முழு ஒளியையும் விடுகிறது.

அந்த ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவியிருக்கும், ஒரு குன்றின் வடிவத்தில். குன்றின் உச்சி எங்கே என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. 1893-ல் வில்ஹெல்ம் வீன் கண்ட விதி, கையால் போடக்கூடிய கணக்கு: 2,898-ஐக் கெல்வினால் வகுத்தால் உச்சியின் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின். வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில். மாமா ஊற்றும் நேரத்தில் மூசை ஏறக்குறைய 1,000 டிகிரி, அதாவது 1,273 கெல்வின். உச்சி 2.3 மைக்ரோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நமக்கு ஆரஞ்சாகத் தெரிந்தது குன்றின் ஓரச் சரிவு மட்டுமே. நம் உடம்பு 310 கெல்வினில் 9.3 மைக்ரோமீட்டரில் ஒளிர்கிறது. 5,772 கெல்வினில் இருக்கும் சூரியனுக்கு உச்சி 0.5 மைக்ரோமீட்டர், நம் கண் பழகியிருப்பதும் அந்த இடத்துக்குத்தான்.

நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்வது நம் ஊருக்குப் புதிதில்லை. கஞ்சமலை இரும்புக்கல்லை உருக்கிய காலத்திலிருந்து கொல்லர்கள் கண்ணால்தான் பதம் பார்த்தார்கள். பிறகு வந்த கருவியும் அதே தந்திரத்தைத்தான் செய்கிறது. உலோக ஆலைகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஒரு வகை வெப்பமானியில் குழாய் வழியாக உலையைப் பார்ப்பார்கள். பார்வைக்கு நடுவே ஒரு மெல்லிய விளக்கு இழை. மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இழை உலையின் வெளிச்சத்தில் கரைந்து மறையும். மறைந்த இடத்தில் முள்ளைப் படித்தால் அதுதான் உலையின் சூடு. எதுவும் தெரியாமல் போவதே அளவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

குன்றின் முழு வடிவத்தையும் அளந்தவர்கள் பெர்லினில் இருந்த அரசு அளவியல் நிறுவனத்தார். எரிவாயு விளக்கா மின்விளக்கா என்ற போட்டி நடந்த காலம் அது. வெளிச்சத்துக்கு ஒரு நம்பகமான அளவுகோல் தேவைப்பட்டது. லுமரும் பிரிங்ஷைமும் ஓட்டையுள்ள உருளையைச் சூடாக்கி அளந்தார்கள். நீண்ட அலைநீளங்களில் ரூபென்ஸும் குர்ல்பாமும் அளந்தபோது அதுவரை நம்பியிருந்த சூத்திரம் பிசகியது. 1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, ரூபென்ஸ் விருந்தாளியாக மாக்ஸ் பிளாங்க் வீட்டுக்குப் போய் இந்தச் சேதியைச் சொன்னார். அக்டோபர் 19-ல் அளவுகளோடு அப்படியே பொருந்தும் ஒரு சூத்திரத்தைப் பிளாங்க் முன்வைத்தார். அது ஏன் பொருந்துகிறது என்ற விளக்கம் டிசம்பர் 14-ல் வந்தது.

பழைய இயற்பியலின் சிக்கல் இதுதான். கூட்டுக்குள் ஒளி எத்தனையோ அதிர்வெண்களில் அதிரலாம்; ஒவ்வொரு அதிர்வுக்கும் சம பங்கு ஆற்றல் போக வேண்டும். அதிர்வெண் கூடக்கூட அதிர்வு வகைகளும் கூடிக்கொண்டே போகும். அப்படியானால் புற ஊதாவிலும் அதற்கு மேலும் எல்லையில்லாத ஆற்றல் குவிய வேண்டும். அடுப்பைத் திறந்தவர் கண் பொசுங்க வேண்டும். பிளாங்க் செய்தது, ஆற்றலைச் சில்லறையாக மாற்ற முடியாது என்று வைத்தது. சந்தையில் தலைக்குச் சராசரியாகப் பத்து ரூபாய் புழங்குகிறது என்று வையுங்கள். ஒரு ரூபாய் நாணயம் செல்லும் கடையில் எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும். ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டுமே செல்லும் கடையில் அநேகமாக ஒருவர் கையிலும் காசு இருக்காது. அதிர்வெண் உயர உயர, செல்லும் மிகச்சிறிய தாளின் மதிப்பும் உயர்கிறது. அதனால் குன்று ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. 1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணும் முறையை மட்டும் வைத்தே இதே சூத்திரத்தைப் பெற்று ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். வானத்தின் ஒளியை இன்று நாம் எண்ணுவது போஸ் எண்ணிய முறையில்தான்.

இனி ஏற்காட்டுக்குப் போகலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் சேர்வராயன் கோயில் மைதானத்துக்கு ஒரு அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துப் போனேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்த இனம். ஆனால் ஆலைகளில் பயன்படுத்துவது, சுழியத்துக்குக் கீழேயும் காட்டும். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கும் புல்வெளி அது. மார்கழி மாதம், பொழுது சாய்ந்துவிட்டது. தரையில் காட்டினேன், 14 டிகிரி. தலைக்கு மேலே வெறும் வானத்தில் காட்டினேன். எண் இறங்கி, சுழியத்தைத் தாண்டி, மைனஸுக்குள் போனது. காத்துக்கொண்டே நின்றேன். மேற்கிலிருந்து ஒரு மேகம் நகர்ந்து தலைக்கு மேல் வந்தது. எண் குபீரென்று ஏறி 9-ல் நின்றது. மேகம் போனதும் மறுபடி மைனஸ்.

கருவி எதைப் படித்தது? மேகம் இருந்தபோது மேகத்தின் அடிப்பரப்பை. அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அதற்கு மறைவு. மேகம் இல்லாதபோது, காற்றில் இருக்கும் ஈரத்தை. அது உயரத்தில் குளிர்ந்து கிடக்கிறது. வானத்துக்கு இன்னதுதான் வெப்பநிலை என்று ஒரே விடை கிடையாது. எந்த அலைநீளத்தில் பார்க்கிறோமோ, அந்த அலைநீளத்துக்கு எந்த அடுக்கு திரையாக நிற்கிறதோ, அதன் சூடுதான் கிடைக்கும். திரைகளையெல்லாம் ஊடுருவும் அலைநீளம் ஒன்று இருந்தால், கடைசித் திரை எது?

அந்த அலைநீளத்தில் பார்க்கும் கருவி நம் தெருவிலேயே இருந்தது. கேபிள்காரர்கள் மொட்டைமாடியில் வைத்திருக்கும் பெரிய டிஷ் ஆன்டெனா. அதன் நடுவில் தொங்கும், வரும் அலையைப் பெருக்கித் தரும் எல்.என்.பி.யைக் கழற்றிப் பார்த்தால் லேபிளில் 17 கே, 15 கே என்று அச்சடித்திருக்கும். மாடல் எண் என்று பலரும் நினைத்திருப்பார்கள். அது கெல்வின். அந்தக் கருவி தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல், 17 கெல்வினில் இருக்கும் ஒரு கரும்பொருள் விடும் இரைச்சலுக்குச் சமம் என்று பொருள். எண் குறைந்தால் படம் தெளிவு. மார்ச்சிலும் அக்டோபரிலும் சில நாள் மதியவாக்கில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும்போது, சில நிமிடங்கள் சேனல்கள் எல்லாம் இழுத்துக்கொள்ளும். சூரியனின் வெப்ப இரைச்சல் டிஷ்ஷுக்குள் கொட்டுவதால் வரும் வினை. ஆக டிஷ்ஷும் ஒரு வெப்பமானிதான்.

அந்த டிஷ்கள் கேட்பது 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964-ல் நியூஜெர்சியின் ஹோம்டெல்லில் கேட்டது 4.08 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 7.35 சென்டிமீட்டர். அதே அலைவரிசை. பலூன் செயற்கைக்கோளுக்காகக் கட்டிய, கொம்பு வடிவிலான ஆன்டெனா அவர்களுடையது. திரவ ஹீலியத்தில் குளிரவைத்த ஒரு பொருளின் இரைச்சலோடு வானத்தின் இரைச்சலை மாற்றி மாற்றி ஒப்பிட்டார்கள். உச்சிவானத்தில் கிடைத்த மொத்தம் 6.7 கெல்வின். காற்றின் பங்கு 2.3. ஆன்டெனாவின் உலோகச் சுவரும் தரையும் சேர்ந்து கிட்டத்தட்ட 0.9. மீதி 3.5 யாருடையது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும், பருவம் மாறினாலும் அது மாறவில்லை. பக்கத்துப் பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதே ஒளியைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கும் முன்னால், 1948-லேயே ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் ஏறக்குறைய 5 கெல்வினில் இப்படி ஒரு மிச்சச் சூடு இருக்க வேண்டும் என்று கணித்திருந்தார்கள். அவர்கள் பெயர் இந்தக் கதையில் சரியாகச் சேராமலே போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆனால் 7.35 சென்டிமீட்டர் என்பது குன்றின் அடிவாரத்தில் ஒரே ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இது சேர்வராயனா கஞ்சமலையா என்று யாரும் சொல்ல முடியாது. 3 கெல்வினுக்கு வீன் கணக்கைப் போட்டால் உச்சி ஒரு மில்லிமீட்டர் அளவில் வரும். அங்கேதான் தொல்லை. மில்லிமீட்டர் அலைகளைக் காற்றின் ஈரம் விழுங்குகிறது, தானும் அந்த அலைகளில் ஒளிர்கிறது. ஏற்காட்டு உயரமும் ஏற்காட்டு ஈரமும் இதற்கு உதவாது. 5,000 மீட்டர் உயர அட்டகாமா பாலைவனத்துக்கோ தென் துருவத்துக்கோ போக வேண்டும். குன்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளக்க அதுவும் போதாது. பத்து இருபது வருடம் ராக்கெட்டிலும் பலூனிலும் கருவி அனுப்பினார்கள். சில அளவுகள் பொருந்தின, சில முரண்டு பிடித்தன.

1989 நவம்பர் 18-ல், இந்த ஒளியை அளப்பதற்காக நாசாவின் கோபி (COBE) செயற்கைக்கோள் மேலே போனது. ஜான் மாதர் பொறுப்பில் இருந்த அதன் ஃபிராஸ் (FIRAS) கருவி என்ன செய்தது தெரியுமா? மாமா செய்ததைத்தான். கருவியின் வாய்க்கு முன்னால், கிட்டத்தட்ட முழுமையான கரும்பொருள் ஒன்றை மூடியைப் போலக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. வானத்தைப் பார், மூடியை வைத்து அதைப் பார். மூடியின் சூட்டைச் சரியாகச் சரிசெய்தால், வானத்துக்கும் மூடிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இழை மறைவதைப் போல, வெள்ளி மறைவதைப் போல. 1990 ஜனவரியில், வெறும் ஒன்பது நிமிட அளவீட்டை வைத்து வரைந்த குன்றை அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்தில் மாதர் திரையில் காட்டினார். அளந்த புள்ளிகள் பிளாங்கின் வளைகோட்டில் உட்கார்ந்திருந்தன. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முழு ஆய்வு முடிந்தபோது, பிளாங்கின் கோட்டிலிருந்து விலகல் உச்சியின் அளவில் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் குறைவு. வெப்பநிலை 2.725 கெல்வின். நாம் ஆய்வகத்தில் செய்யும் எந்த உலையைவிடவும் வானம் நல்ல கரும்பொருள்.

இந்தப் பொருத்தத்தை ‘அழகு’ என்று பாராட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. அது ஒரு கேள்வியைக் கேட்கிறது. கரும்பொருள் ஒளி எப்போது உண்டாகும்? ஒளி வெளியே தப்பிக்க முடியாமல், பொருளோடு மோதி, விழுங்கப்பட்டு, மறுபடி விடப்பட்டு, எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு. அதாவது மூசை மூடியிருக்க வேண்டும். இன்றைய வானமோ திறந்து கிடக்கிறது. கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்களை நாம் தெளிவாகப் பார்க்கிறோம். பார்க்க முடிகிறது என்றாலே இடையில் திரை இல்லை. திரை இல்லாத இடத்தில் இப்படி ஓர் ஒளி வெந்து பதமாகியிருக்க முடியாது. ஆகவே அது இன்று உண்டானதில்லை. பிரபஞ்சம் முழுவதும் ஒளிபுக முடியாதபடி அடர்ந்து, சூடாக, சீராக இருந்த ஒரு காலத்தில் உண்டாகியிருக்க வேண்டும்.

பெருவெடிப்பை ஏற்காத வானியலாளர்கள் ஃப்ரெட் ஹாயிலும் ஜெயந்த் நார்லிகரும் இதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. விண்மீன்களின் பழைய ஒளியை, வெளியில் மிதக்கும் நுண்ணிய இரும்பு இழைகள் விழுங்கி நுண்ணலையாகத் திருப்பி விட்டிருக்கலாம் என்றார்கள். கேட்க வேண்டிய எதிர்வாதம்தான். நார்லிகர் சாமானிய ஆளில்லை. ஆனால் அவ்வளவு கச்சிதமான கரும்பொருள் ஒளியைத் தர வேண்டுமானால் அந்த இழைகள் நல்ல திரையாக இருக்க வேண்டும். திரையாக இருந்தால் அதற்கு அப்பால் இருக்கும், ரேடியோ அலை விடும் விண்மீன் மண்டலங்கள் நமக்குத் தெரியக் கூடாது. தெரிகின்றன. என் மனதில் வழக்கு அங்கே முடிந்துவிட்டது.

மூசை எப்போது மூடியிருந்தது? நிறமாலையின், அதாவது அந்தக் குன்றின், வடிவம் மிக ஆரம்பத்தில், முதல் இரண்டு மாதங்களுக்குள், உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஏதாவது பெரிய அளவில் ஆற்றலைக் கொட்டியிருந்தால், சந்து வழியாக யாரோ டார்ச் அடித்ததைப் போலக் குன்று கோணியிருக்கும். கோணவில்லை. ஆனால் ஒளி உடனே விடுதலையாகவில்லை. தனித்து அலைந்த எலக்ட்ரான்கள் அதைத் திசை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தன, பனிமூட்டத்தில் துளிகள் செய்வது போல.

ஏற்காட்டு மலைப்பாதையில் விடிகாலையில் போனவர்களுக்கு அந்தப் பனிமூட்டம் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ வெள்ளைச் சுவர் வந்து மோதும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு தெரியாது. எல்லாத் திசையிலும் ஒரு மங்கிய வெளிச்சம் மட்டும் இருக்கும். வெயில் ஏறும்போது பனி சட்டென்று கரையும், சேலம் டவுன் முழுக்கக் கீழே விரியும். பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயது ஆனபோது சூடு 3,000 கெல்வினுக்கு இறங்கியது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களோடு சேர்ந்து ஹைட்ரஜன் அணுக்களாயின. மூட்டம் கலைந்தது. கடைசி மோதலுக்குப் பிறகு ஒளி நேர்க்கோட்டில் புறப்பட்டது. மேகத்தின் அடிப்பரப்பை என் வெப்பமானி படித்ததைப் போல, அந்தக் கடைசி மூட்டத்தின் விளிம்பைத்தான் நுண்ணலைக் கருவிகள் படிக்கின்றன. 3,000 கெல்வின் எந்த நிறம் என்று பார்க்க ஆசையிருந்தால் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய், பெட்டியில் 3000 கே என்று அச்சிட்ட மஞ்சள் வெளிச்ச எல்.இ.டி. பல்பு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்று வானம் முழுக்க, எல்லாத் திசையிலும், அந்த நிறம்.

அந்த 3,000 எப்படி 2.7 ஆனது? பட்டறையில் வெள்ளிக் கம்பியை அச்சுத் துளைகளில் கொடுத்து இழுப்பார்கள். கம்பியில் அரை அங்குலத்தில் ஒரு கோடு, ஓர் அங்குலத்தில் ஒரு கோடு, மூன்று அங்குலத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, நீளம் இரண்டு மடங்காகும்வரை இழுத்தால் ஒன்று, இரண்டு, ஆறு என்று ஆகும். இடைவெளிகள் மாறின, விகிதம் மாறவில்லை. வெளி விரியும்போது ஒளியின் ஒவ்வொரு அலைநீளமும் அதே விகிதத்தில் நீள்கிறது, அன்றிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 1,100 மடங்கு. கரும்பொருளின் குன்று அப்படியே கரும்பொருளின் குன்றாகவே நீள்கிறது, வெப்பநிலை மட்டும் 1,100-ல் ஒரு பங்காகக் குறைகிறது. கம்பிக்கு இரண்டு முனை உண்டு, இழுக்க ஓர் ஆள் உண்டு; வெளிக்கு அவை இல்லை. உவமை அங்கே நின்றுவிடும்.

முழுக்க முழுக்கச் சீரான ஒளி என்றும் சொல்லிவிட முடியாது. சிம்ம ராசியை ஒட்டிய திசையில் வானம் 3.4 மில்லிகெல்வின் கூடுதல் சூடு, எதிர்த்திசையில் அதே அளவு குறைவு. நாம் அந்தப் பக்கமாக நொடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால் வருவது அது. அதைக் கழித்த பிறகும் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத் திட்டுத் திட்டாக வித்தியாசம் இருப்பதை ஜார்ஜ் ஸ்மூட்டின் குழு 1992-ல் அறிவித்தது. மறைந்தும் மறையாமல் நின்ற அந்தத் திட்டுகளில் பொருள் கொஞ்சம் அடர்ந்திருந்தது. ஈர்ப்பு அதைச் சேர்த்துச் சேர்த்து விண்மீன் மண்டலங்களாக்கியது. சூரியனும் பூமியும் சேர்வராயன் மலையும் வந்தது அந்த வழியில்தான்.

இதையெல்லாம் போன தீபாவளிக்கு மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “சரி, சில்லை எப்ப எடுத்தாங்க?” என்பது. சில்லே கிடையாது மாமா, உள்ளே இருந்த மூட்டமே தெளிந்துவிட்டது, நாம் இன்னும் மூசைக்குள்தான் இருக்கிறோம், ஆறிப்போன மூசை என்றேன். அவருக்குக் கணக்கு வேண்டும் என்று தெரியும். வெள்ளிக்கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இன்று வெற்று விண்வெளியில் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தை எடுத்தால் அதில் இந்தப் பழைய ஒளியின் துகள்கள் 411. அன்று, 3,000 கெல்வினில், அதே ஒரு கன சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட 55,000 கோடி. நீளம் 1,100 மடங்கு என்றால் கொள்ளளவு 1,100-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, 133 கோடி. 55,000 கோடியை 133 கோடியால் வகுத்தால் 411-ஐ ஒட்டி வருகிறது.

மாமா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வகுத்தலைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். வெள்ளி உருக்கிய ஐம்பது வருடத்தில் அவர் பார்க்காத ஒன்று அதில் இருந்தது.

“அப்போ,” என்றார், “சேதாரமே இல்லையா?”

“இல்லீங்க மாமா.”